ஒரே புற்று, தனித்தனி வாசல்

ஐப்பசி மழை விட்ட மாலைகளில் கொழும்பின் பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள், ஈசலுக்காக. சிறகுதிர்ந்த ஈசல்கள் சோடி சோடியாக ஈரமண் தேடி ஓடும். பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் இரை. தப்பிய சோடிக்குச் சில வேளை வேறொரு கறையான் இனம் எழுப்பிய புற்றின் ஓரமே வாய்த்துவிடுகிறது. ஒரு புற்றில் பல இனங்கள் சேர்வது இப்படித் தொடங்கலாம். பழைய குடி அழிந்துபோன புற்றில் புதியவை ஏறிக்கொள்வதும் உண்டு.

1911இல் இலங்கைக் கறையான்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் ஜெர்மானியரான கார்ல் எஷெரிக். இங்கே பெரிய புற்றுகளைக் கட்டும் இனங்களில் ஒன்று ஒடொன்டோடெர்மிஸ் ரெடெமன்னி. உள்ளே காளான் தோட்டம் வளர்க்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கே ஈரம் குறையாது. குடிவருபவை அந்த ஈரத்தை நாடியும் வரலாம்.

இத்தகைய புற்றொன்றை வெட்டிப் பார்த்தால் தடித்த சுவருக்குள்ளேயே நூல்போன்ற வேறு வழிகள் தெரியும். அங்கே குடியிருப்பது மைக்ரோடெர்மிஸ் என்றால் அதற்கென்று சுண்டைக்காய் அளவில் சின்னக் காளான் தோட்டங்கள் இருக்கும். டைகஸ்பிடிடெர்மிஸ் என்றால் தோட்டமே இல்லை. அது மண்ணிலுள்ள மக்கைத் தின்று வாழ்வது. வீட்டுக்காரரின் உணவில் கை வைக்காததால் சண்டைக்கு ஒரு காரணம் குறைகிறது. அதன் காவலாளியின் தாடைகள் ஒன்றுபோல் மற்றது இராது. இடது தாடை முறுகியிருக்கும். இரண்டையும் அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடுவித்தால், குறுகிய வழியில் வந்த எதிரி தெறித்து விழும்.

இப்படி ஒரே புற்றில் வாழ்வதை நட்பு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பம்பலப்பிட்டித் தொடர்மாடியில்போல் கட்டடம் ஒன்று, கதவுகள் வேறு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் உடல்மேல் தனி வாசனை உண்டு. சுவர் உடைந்து இரண்டும் கலந்தால் கடிபிடிதான். பிரேசிலில் கொன்ஸ்ட்ரிக்டோடெர்மிஸ் கூட்டில் ஒண்டி வாழும் இன்குவிலினிடெர்மிஸை ஆராய்ந்தவர்கள், வீட்டுக்காரர் தாக்கினாலும் அது பெரும்பாலும் திருப்பித் தாக்காமல் விலகிப்போவதைக் கண்டார்கள். சிறிய கூடுகளில் அது காணப்படுவதில்லை. ஒதுங்க இடமுள்ள பெரிய கூடுகளில்தான் இருக்கிறது.

வளவில் புற்றைக் கண்டதும் மருந்து ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதவு நிலையை அரிக்கும் கறையான்களில் முக்கியமானது கொப்டோடெர்மிஸ். இங்கே அது மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளுமே கூடு வைக்கும், மேலே புற்று எழுப்பாது. ஊற்றுமுன் நிலையைத் தட்டிப் பாருங்கள்.