பால் கொடுத்தவரின் பெயரை எழுதி வையுங்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உம்மாவின் பால் சுரக்கப் பிந்தினால், இன்னொரு தாயின் பால் பெரிய உதவி. எடை மிகக் குறைந்த குழந்தைகளை ஆபத்தான குடல் நோயிலிருந்து பால்மாவை விடத் தாய்ப்பால் கூடுதலாகக் காக்கிறது. சொந்தத் தாயின் பால் இல்லாதபோது இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தானப் பாலைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்கிறது. மும்பை சயன் வைத்தியசாலையில் 1989 முதல் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இத்தகைய வங்கிகளில் கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலப்பதும் உண்டு.

நமக்குச் சிக்கல் அந்தக் கலப்பில்தான். ஸூரா அந்நிஸாவின் 23ஆவது வசனம் பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் திருமணத்துக்கு விலக்கப்பட்டவர்களின் வரிசையில் வைக்கிறது. உக்பா இப்னு ஹாரிஸ் (ரழி) அவர்களின் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அவர் மணமுடித்த பின்னர் ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்கிறார். உக்பா மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணித்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்கிறார். கடைசியில் அந்தத் தம்பதியர் பிரிய நேர்ந்தது. கலியாணத்துக்குப் பிறகு வெளிவரும் செய்தி எவ்வளவு பாரமானது என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், இரண்டு வயதுக்குள் தனித்தனியாக ஐந்து தடவை குடித்தால் உறவு உண்டாகும். ஹனபி மத்ஹபில் அளவு குறைந்தாலும் போதும். போத்தலில் கறந்து கொடுத்தால் உறவு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். ஷாபிஈ சட்டத்தில் அப்படியில்லை.

கலாசாலையில் பயிற்சி ஆசிரியைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, யார் யாருக்கு விலக்கு என்பதைத்தான். பால் குடித்த பிள்ளைக்கு, கொடுத்தவரின் எல்லாப் பிள்ளைகளும், முன்னே பிறந்தவர்களும் பின்னே பிறப்பவர்களும், சகோதரர்கள். அவரது கணவர் பால்குடித் தந்தை. ஆனால் குடித்த பிள்ளையின் தம்பி தங்கைகளுக்கு இந்த உறவு இல்லை. வாரிசுரிமையும் வராது. மாமி தன் நானாவின் மகளுக்கு ஐந்து தடவை பால் கொடுத்தால், அவளுக்கு மாமி மகன் மச்சான் அல்ல, நானா அல்லது தம்பி. மச்சானுக்குப் பெண் பேசும் நம் ஊர்களில் இது சின்ன விடயமா?

1985இல் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கவுன்சில் முஸ்லிம் நாடுகளில் பால் வங்கிகளை அமைப்பதைத் தடுத்துத் தீர்மானித்தது. காரணம், உறவுக் கலப்பு. அதற்கு முன்பே யூஸுப் அல்கர்ளாவி வேறுவிதமாகச் சொன்னார்: பாலூட்டல் என்றால் மார்பில் குடிப்பதே, யாருடையது என்றே தெரியாத பாலில் சந்தேகத்தால் விலக்கு வராது என்பது அவரது வாதம். என் மனம் முதலாவதன் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்தத் தீர்மானம் தெரிந்த ஒரு தாய் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஹலீமா ஸஃதிய்யா (ரழி) அவர்களை நாம் மறந்துவிட முடியுமா?

ஆகவே மேலதிகமாகப் பால் உள்ள சகோதரிகள் தயங்க வேண்டாம். முதலில் வைத்தியரிடம் பேசுங்கள், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் பாலில் கடக்கும், எனவே பரிசோதனை அவசியம். இரு கணவர்மாரும் அறிந்திருக்கட்டும். பிறகு ஒரு தாளில் பால் கொடுத்தவர், அவர் கணவர், குடித்த பிள்ளை ஆகியோரின் முழுப் பெயர்களையும், திகதிகளையும், எத்தனை தடவை என்பதையும் எழுதி இரு வீட்டாரும் கையொப்பமிடுங்கள். ஒரு பிரதியைப் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேட்டோடு வையுங்கள். மற்றதைக் கொடுத்தவர் வீட்டில், அவர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு.