ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மலாக்காவிலுள்ள தஞ்சோங் கிளிங்கின் அஞ்சல் குறியீடு 76400. பகா எண்களாக உடைத்தால் இதில் 2 நான்கு முறையும், 5 இரண்டு முறையும், 191 ஒரு முறையும் வரும். ஒவ்வொரு முறையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 5×3×2. 76400-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது வகுத்திகள், 30.

பெரிய எண்ணாயிற்றே, 30 இருக்காதா என்று தோன்றலாம். 720-க்கும் அதே 30தான்! ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 720 கன்றுகளை எந்த நிரையிலும் கூடாமல் குறையாமல் 30 விதமாக நடலாம். ஒரு கன்று கூடி 721 ஆனால் 4 விதம்தான்.

தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதல் வகுத்திகள் கொண்டது உயர் பகு எண். 12, 720 இரண்டும் அந்த வரிசையில் உண்டு, 76400 இல்லை.

இவற்றின் இலக்கணத்தை வகுத்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த அவரது நீண்ட கட்டுரைதான் மறு ஆண்டு அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. கணினி இல்லாத காலத்தில் அவர் போட்ட பட்டியல் 6,746,328,388,800 வரை நீள்கிறது. அதற்கு வகுத்திகள் 10,080. உடைத்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. உயர் பகு எண்ணில் பகா எண் பெரிதாகப் பெரிதாக இந்த முறைகள் இறங்கலாம், ஏறவே ஏறாது. 4, 36 தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இதை நிறுவியதும் அவரே.

அவ்வளவு பெரிய பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 293,318,625,600. இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது. இதன் வகுத்திகள் 5,040.

அந்த 5,040-உம் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு மேற்பட்ட எந்த எண்ணிலும் வகுத்திகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொடாது என நிறுவினால், பகா எண்களைப் பற்றிய, இன்றுவரை தீராத ரீமான் கருதுகோளே மெய்யாகிவிடும் என்று 1984-இல் காட்டினார் பிரெஞ்சுக் கணித அறிஞர் கி ரோபேன். போர்க்கால நிதி நெருக்கடியில் அச்சேறாமல் போன ராமானுஜன் கட்டுரையின் மிச்சப் பக்கங்களை 1997-இல் சக கணித அறிஞர் நிக்கோலாவோடு சேர்ந்து பதிப்பித்தவரும் இவரே.

பெற்றோரே, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து 5,040-இன் 60 வகுத்திகளையும் எழுதச் சொல்லுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.