கிளாத்தி மீன் துரத்தினால் எந்தப் பக்கம் நீந்துவது?

கடந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவுக்குச் சென்றிருந்தோம். கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து தீவை அடைந்து, மறுநாள் காலை ஸ்னோர்கெலிங் செய்வதற்குப் படகெடுத்தோம். ஆமையைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. முதல் இடத்திலேயே ஆமை தென்பட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது இடத்தில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது.

அங்கே ஆழம் நான்கைந்து மீட்டர் இருக்கும். பன்னிரண்டு வயதான என் அக்காள் மகன், பவளப்பாறையின் ஓரத்தில் இருந்த மணல் திட்டைப் பார்த்தபடி மேலே மிதந்துகொண்டிருந்தான். திடீரென்று, அவன் கை நீளத்திற்கு ஒரு மீன் கீழிருந்து நேராக அவனை நோக்கி ஏறி வந்தது. பயந்துபோனவன் தண்ணீரில் செங்குத்தாக நின்று கால்களை உதைத்தான். மீன் விலகிச் செல்லவில்லை. அவன் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பைக் கடித்துவிட்டது.

எங்கள் வழிகாட்டி “தெப்பி! தெப்பி!” என்று கத்திக்கொண்டே நீந்தி வந்தார். அவனது மிதவை அங்கியைப் பிடித்துப் பக்கவாட்டில் சிறிது தூரம் இழுத்துச் சென்றார். அவ்வளவுதான், மீன் திரும்பிப் போய்விட்டது. படகில் ஏறிப் பார்த்தால் துடுப்பின் நுனியில் ஒரு துண்டைக் காணோம். “சுறாவா?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டான். சுறா இல்லை, ஜெபோங், கீழே அதன் முட்டை இருக்கிறது என்று வழிகாட்டி மலாயில் சொன்னார்.

மீசை வைத்த மீன்

மலாய் மொழியில் ஜெபோங் எனப்படும் மீன் வகையைத் தமிழக மீனவர்கள் கிளாத்தி என்பார்கள். அதில் ஓர் இனம்தான் அன்று நாங்கள் சந்தித்த டைட்டன் கிளாத்தி. பாலிஸ்டாய்டிஸ் விரிடெசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரையுள்ள பவளப்பாறைகளில் வாழ்கிறது. 75 செண்டிமீட்டர் வரை வளரும். மேலுதட்டுக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு இருப்பதால் மீசைக் கிளாத்தி என்ற பெயரும் இதற்கு உண்டு.

ஆங்கிலத்தில் இவ்வகை மீன்களுக்கு ‘டிரிகர்’, அதாவது துப்பாக்கி விசை என்று பெயர் வரக் காரணம் முதுகில் உள்ள முள். ஆபத்து வந்தால் முதல் முள்ளைக் கிளாத்தி நிமிர்த்திக்கொள்ளும். அதன் பின்னால் இருக்கும் இரண்டாவது முள் தாழ்ப்பாள் போல அதைப் பூட்டிவிடும். பிறகு முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவதை அழுத்தினால்தான் பூட்டுத் திறக்கும். இரவில் பாறை இடுக்கில் நுழைந்து முள்ளை நிமிர்த்திக்கொண்டால், எந்த எதிரியாலும் அதை எளிதில் வெளியே இழுக்க முடியாது.

துடுப்பைத் துண்டாக்கிய பற்கள், நண்டு, சிப்பி, கடல் முள்ளெலி போன்றவற்றின் ஓட்டை உடைப்பதற்காக அமைந்தவை. கடல் முள்ளெலியை முள் குத்தாமல் தின்ன வேண்டுமே? கிளாத்தி வாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப் போடும். முள் குறைவாக உள்ள அடிப்பகுதி மேலே வந்ததும் கடித்துத் தின்னும். கண்கள் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி, தலையின் உச்சியில் இருப்பதால் முள் கண்ணைத் தாக்கும் அபாயமும் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத கூம்பு

இவ்வளவு பலமுள்ள மீன் மற்ற நாள்களில் மனிதர்களைக் கண்டால் ஒதுங்கித்தான் போகும். முட்டையிடும் காலத்தில் மட்டும் குணம் மாறுகிறது.

டைட்டன் கிளாத்தி மணலிலும் உடைந்த பவளத் துண்டுகளுக்கு நடுவிலும் அகன்ற குழி ஒன்றைப் பறித்து அதில் முட்டையிடுகிறது. முட்டைகள் மிகச் சிறியவை. அவற்றுக்கு உயிர்வளி நிறைந்த தண்ணீர் தொடர்ந்து கிடைக்க வேண்டும். அதற்காகப் பெற்றோர் மீன், பெரும்பாலும் தாய், குழியின் மேல் நின்று துடுப்பை அசைத்தும் வாயால் ஊதியும் நீரோட்டம் உண்டாக்கும். அதே நேரத்தில் அருகில் வரும் எதையும் விரட்டும். முட்டையைத் தின்னக் காத்திருக்கும் சிறு மீன்கள் சுற்றிலும் எப்போதும் உண்டு.

கிளாத்தி காவல் காப்பது குழியை மட்டும் அல்ல, குழிக்கு மேலே உள்ள தண்ணீரையும்தான். முக்குளிப்பு பயிற்றுநர்கள் இதை ஐஸ்கிரீம் கோன் வடிவத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். கூரிய நுனி குழியில் இருக்கும். மேலே போகப் போக அகன்று, ஆழம் குறைந்த இடத்தில் நீர்மட்டத்தையே தொட்டுவிடும்.

என் அக்காள் மகன் செய்த தவறு இப்போது புரிகிறது. அவன் அந்தக் கூம்பின் வாயில் மிதந்துகொண்டிருந்தான். செங்குத்தாக நின்றபோது அவன் கால்கள் கூம்புக்குள் இன்னும் கீழே இறங்கின. தன் முட்டையை நோக்கி யாரோ வருகிறார்கள் என்றே மீன் எடுத்துக்கொண்டிருக்கும். காற்றுக் கலனோடு ஆழத்தில் இருப்பவர் பயத்தில் மேலே ஏறினாலும் பயனில்லை. கூம்பு அகன்றுகொண்டே போவதால் அவர் வெளியேறாமல் உள்ளேயே இருப்பார். பக்கவாட்டில் போனால்தான் எல்லையைத் தாண்ட முடியும். “தெப்பி” என்றால் ஓரம். வழிகாட்டி கத்திய அந்த ஒரே சொல்லில் முழுப் பாடமும் இருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

கிளாத்தி பெரும்பாலும் எச்சரித்த பிறகே கடிக்கும். முதுகு முள்ளை நிமிர்த்தும். உடலைச் சாய்த்து ஒரு கண்ணால் உங்களை உற்றுப் பார்க்கும். பிறகு நேராக முன்னால் வரும். முள் நிமிர்ந்ததைக் கண்டதுமே விலகுங்கள்.

உடலைத் தட்டையாக வைத்து, குழி இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் நீந்துங்கள். மீனை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம். ரப்பர் துடுப்பு உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கட்டும். கடித்தால் துடுப்போடு போகும். கையை வீசி விரட்டப் பார்க்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறும் முன்பே சொல்லிக்கொடுங்கள். நீருக்குள் பதற்றத்தில் விளக்க முடியாது.

கடிபட்டால் உடனே படகுக்குத் திரும்பி, காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். கடி ஆழமானால் தையல் தேவைப்படலாம். எனவே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

நாம் விலகுவதில் மீனுக்கும் நன்மை இருக்கிறது. நம்மைத் துரத்தும் ஒவ்வொரு நிமிடமும் குழியில் காவல் இல்லை. அங்கே காத்திருக்கும் சிறு மீன்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும். படம் எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப அருகில் போவோர், தாங்கள் கடிபடாமல் தப்பினாலும் முட்டைகளுக்குக் கேடு செய்கிறார்கள்.

கரைக்குத் திரும்பும்போது அக்காள் மகன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அது என்னைத் துரத்தியபோது முட்டையை யார் பார்த்துக்கொண்டது?” என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. மறுநாள் படகில் ஏறியதும் அவனே வழிகாட்டியிடம் போய், இன்று போகும் இடத்தில் ஜெபோங் முட்டையிட்டிருக்கிறதா என்று கேட்டான். கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அது.