மஜ்ஜைக்குள் நிகழும் உரையாடல்

கொடையாளரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. நரம்பு வழியே ஏற்றப்பட்ட அணுக்கள் எலும்புக்குள் எவ்வாறு சென்று சேர்கின்றன? ரத்த அணுக்களின் எண்ணிக்கை உயர்ந்த பின்னரும் மாத்திரைகள் ஏன் தொடர்கின்றன? குருத்தணுக்களும் நோய் எதிர்ப்பு அணுக்களும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை அறிந்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

இவற்றின் மொழி புரதங்களால் ஆனது. ஓர் அணு வெளியிடும் புரதத்தை, மற்றோர் அணு தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியால் பற்றிக்கொள்கிறது.

வழிகாட்டும் குரல்

மஜ்ஜையிலுள்ள ஆதார அணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதுவே குருத்தணுக்களை அங்கே தங்கவைக்கிறது. கொடையாளருக்குச் சில நாட்கள் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி செலுத்தும்போது, பெருகும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள் இந்தப் பிணைப்பைத் தளர்த்துகின்றன. குருத்தணுக்கள் ரத்தத்துக்கு வந்துவிட, அவற்றைச் சேகரிக்கிறோம். இந்நாட்களில் கொடையாளருக்கு எலும்பு வலி தோன்றுவது இயல்பு. நோயாளியின் நரம்பில் ஏற்றப்பட்டதும், அதே புரதத்தின் அழைப்பைப் பின்பற்றி அவை மஜ்ஜையைச் சென்றடைகின்றன.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாட்கள் 500-ஐத் தாண்டினால் மஜ்ஜை வேரூன்றியதாகக் கொள்கிறோம். இதற்குப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். டி அணுக்கள் முழு வலிமை பெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளை மீண்டும் போடுவதும் இதனால்தான்.

முரண்பாடு எழும்போது

கொடையாளரின் டி அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்பணியைச் செய்பவை குடலிலுள்ள குருத்தணுக்கள். டி அணுக்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா அவற்றையே சேதப்படுத்துவதால் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. தம் சொந்தக் குருத்தணுக்களையே திரும்பப் பெற்றவர்களுக்கு இச்சிக்கல் பொதுவாக எழுவதில்லை.

எனினும், எஞ்சியிருக்கும் ரத்தப் புற்றணுக்களைக் கண்டறிந்து அழிப்பவையும் இதே டி அணுக்கள்தாம். ஆகவே அவற்றை முற்றிலும் வாயடைக்க நாங்கள் விரும்புவதில்லை. சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகள், டி அணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்-2 உற்பத்தியைக் குறைக்கின்றன. மருந்தின் அளவு கூடினால் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். குறைந்தால் தாக்குதல் மூளலாம். ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிப்பது இதற்காகவே.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் உடனே அழையுங்கள்.
• தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் நிறம் ஆகியவற்றை அன்றே தெரிவியுங்கள்.
• மருந்தின் அளவைச் சோதிக்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள்.
• எங்களைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவோ, நாட்டு மருந்துகளையும் மூலிகைக் கஷாயங்களையும் சேர்க்கவோ வேண்டாம்.

உடல் நலமாக இருப்பதாகத் தோன்றும் நாட்களிலும் இந்த உரையாடல் தொடர்கிறது. அதன் போக்கு மாறுவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் உடனிருந்து பராமரிப்பவரே. சிறு மாற்றமாயினும் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள்.