நாலு சக்கரமும் சுழலும், வண்டி நகராது!

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். திருவண்ணாமலை மாட வீதிகளில் தலைகள் கடலாக அலை மோதுகின்றன. விநாயகர் தேர் போய்விட்டது. முருகன் தேரும் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்து அண்ணாமலையாரின் பெரிய தேர். இரும்புச் சங்கிலியைப் பிடித்த ஆயிரமாயிரம் கைகள் ஒரே சமயத்தில் இறுகுகின்றன. "அரோகரா!" என்ற கோஷம் கோபுரத்தைத் தொடுகிறது. தேர் மெல்ல அசைகிறது.

இழுப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சக்கரங்களுக்கு அருகே முட்டுக்கட்டையுடன் குனிந்து நடக்கும் சிலரை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தாம். சங்கிலி தொய்ந்து கிடக்கும்போது திடீரென்று வெட்டி இழுத்தால் என்ன நேரும், எந்த இடத்தில் நின்றால் உயிருக்கு ஆபத்து, எப்போது கட்டையைப் போட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பாடம். பெரும் பாரம் ஒன்றை நகர்த்தும்போது பலத்தைவிட முறைதான் முக்கியம் என்பதை அந்த ஊர்க் குழந்தைகூட அறியும். சண்டிகேசுவரர் தேரை இழுப்பதே குழந்தைகள்தாமே!

அதே ஊர் வழியாக இன்று வேறொரு வகைத் தேர்கள் போகின்றன. நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் செல்லும் மோட்டார் வண்டிகள். சனி, ஞாயிறு என்றால் போளூரைக் கடந்து ஜவ்வாது மலையின் வளைவுகளில் ஏறி, ஜமுனாமரத்தூரை நோக்கி அவை வரிசையாகச் செல்வதைக் காணலாம். பீமன் அருவியைப் பார்க்கவும் கோமுட்டேரியில் படகு விடவும் போகிறவர்கள் தார்ச் சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். தார்ச் சாலை முடிகிற இடத்தில்தான் பிரயாணமே தொடங்குகிறது என்று நினைக்கிறவர்களும் உண்டு. தேரின் முட்டுக்கட்டைக்காரர்கள் அறிந்த பாடம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941-லிருந்து அமெரிக்காவில் ஏராளமாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்தான் இந்த வண்டிகளுக்கெல்லாம் பாட்டனார். நாடு சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளுக்குள் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் மலையோரத்துக் கிராமங்களில் ஜீப் என்றாலே சர்க்கார் வண்டி என்றுதான் பொருள். காட்டிலாகா, போலீஸ், அம்மை குத்த வந்த சுகாதார அதிகாரி எல்லோரும் வந்தது அதில்தான். 1985-இல் ஜிப்சி வந்தது. 2010-இல் தார் வந்தது. உத்தியோகத்துக்காக ஏறிய வண்டி உல்லாசத்துக்கான வண்டியாகிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சர்க்கார் ஜீப்பை ஓட்டிய பழைய டிரைவருக்கு வழியும் தெரியும், வண்டியும் தெரியும். இன்று புது வண்டி வாங்குகிறவருக்குக் கடையில் சாவியைத்தான் கொடுக்கிறார்கள், பாடத்தைக் கொடுப்பதில்லை.

சுழலும் சக்கரத்தின் சூட்சுமம்

நாலு சக்கரத்துக்கும் பலம் உண்டு என்றால் எப்படிச் சிக்கும்? பலருக்கும் இது புரியாத புதிர். வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக அச்சின் நடுவில் 'டிஃபரென்ஷியல்' என்ற பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. சாலையில் அது உத்தமமான வேலைக்காரன். சேற்றிலோ அதுவே துரோகி. ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால், சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும். உறுதியான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்புறத்தில் ஒன்று என்று மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் பிடிமானம் இழந்தால் போதும், நாலு சக்கர வண்டியும் மாட்டு வண்டிக்குச் சமம். மாடு இல்லாத மாட்டு வண்டி!

இந்தக் குறையைத் தீர்க்க, டிஃபரென்ஷியலைப் பூட்டி வைக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. வழுக்கும் சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் போட்டு அடக்கும் ஏற்பாடு வேறு சிலவற்றில் உண்டு. 'ஆல் வீல்' என்று விற்கப்படும் நகரத்துக் கார்கள் பலவற்றில், மலையேற்றத்துக்கான தணிந்த கியர் இருப்பதில்லை. மழைச் சாலையில் வழுக்காமல் ஓடுவதற்கு ஏற்பட்டவை அவை. பாறை வழியில் அவற்றை ஏற்றுவது, கல்யாணப் பட்டுச் சேலையோடு நடவு நடப் போவது போலத்தான்.

காய்ந்த ஏரியும் கலங்கிய ஓடையும்

இந்த ஜில்லாவில் அதிக வண்டிகளை விழுங்குவது மலையல்ல, ஏரி. கோடையில் ஏரியின் உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடக்கும். பார்த்தால் கிரிக்கெட் மைதானம்! மேலே ஓர் அடுக்குதான் காய்ந்திருக்கிறது, அடியில் வண்டல் இன்னும் களியாகவே இருக்கிறது என்பது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும்; வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நடுவில் போனதும் அப்பளம் நொறுங்குவதுபோல் மேலடுக்கு நொறுங்கி, வண்டி அச்சுவரை இறங்கிவிடும். இறங்கி நடந்து குதிகாலால் ஊன்றிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் சங்கதி இது.

தண்ணீர் விஷயம் இன்னும் பொல்லாதது. 2024 டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரின் மேல் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேரைப் பலி கொண்டன. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையின் கரையோர ஊர்களையெல்லாம் மூழ்கடித்தது. அப்பேர்ப்பட்ட மழைக்கு முன் எந்த வண்டியும் துரும்பு. தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைத் தாண்டும் என்கிறார்கள் செய்தவர்கள். அது அசையாமல் நிற்கும் நீருக்குச் சொன்ன கணக்கு. ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கிவிடும். கோலை ஊன்றி நடந்து கடக்க முடியாத ஓடையை வண்டியிலும் கடக்கக் கூடாது. நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது. அதன் இரும்புத் தண்டுகளை வளைத்துவிடும்.

மேட்டில் ஏறும்போது பாதி வழியில் நின்றுவிட்டாலும் ஒரு விதி உண்டு. திரும்பப் பார்க்காதே, ரிவர்ஸ் கியரில் ஏறிய தடத்திலேயே நேராக இறங்கு. சரிவில் குறுக்கே திரும்பிய வண்டி உருளும்.

சிக்கியபின்

சரி, வண்டி புதைந்துவிட்டது. முதல் காரியம் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுப்பது. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.

எவ்வளவு புதைந்தது என்பதைப் பொறுத்து, இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ராணுவத்தினர் கையாளும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. சக்கரம் மட்டும் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுக்க வேண்டும். சக்கரத்தின் மேல் மூடிவரை புதைந்தால் இரண்டு மடங்கு. உடலே புதைந்தால் மூன்று மடங்கு. ஒன்றே முக்கால் டன் வண்டிக்கு ஐந்து டன்னுக்கு மேல்! ஆகையால் கயிற்றைத் தேடுவதற்கு முன் மண்வெட்டியைத் தேட வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, வயிற்றில் ஒட்டியிருக்கும் மண்ணை வழித்து, தட்டைக் கற்களோ தென்னை மட்டையோ பலகையோ போட்டுவிட்டு, டயரில் 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை 20 பவுண்டுக்குக் குறைத்தால், டயர் தரையில் நீளமாகப் படியும். பாதி வண்டிகள் இதிலேயே தாமாக வெளிவந்துவிடும். 15 பவுண்டுக்குக் கீழே இறக்கினால் டயர் விளிம்பைவிட்டுக் கழலக்கூடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கயிறு. இங்கேதான் எமன் காத்திருக்கிறான்.

இறுக்கி இழுத்த கயிற்றில் அடங்கியிருக்கும் வேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுந்தாலோ, மாட்டிய கொக்கி பெயர்ந்தாலோ, அது பீரங்கிக் குண்டுதான். பின்னால் வண்டி கோப்பதற்கென்று காரில் வைத்திருக்கும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டி இழுத்து, குமிழ் முறிந்து பறந்து, கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவரைக் கொன்ற சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. நம் நாட்டிலும் கயிறு அறுவதைப் பார்க்காதவர்கள் இல்லை. 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து, பின்னர் இரும்புச் சங்கிலியைப் பிணைத்து இழுக்க நேர்ந்தது. அந்த வடத்தில் நீட்சி குறைவு; இழுத்ததும் மனித பலம். மோட்டார் பலத்தில் வெட்டி இழுக்கும் கயிறு வேறு ஜாதி.

கயிற்றிலும் இரண்டு ஜாதி உண்டு. நைலானில் பின்னிய நீளும் கயிறு தன் நீளத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் வரை நீண்டு, ரப்பர்போல் சுருங்கி, வண்டியை மெல்லப் பிடுங்கும். இரும்புச் சங்கிலியும் கம்பி வடமும் நீளாதவை; அவற்றைக் கட்டிக்கொண்டு வேகமெடுத்து வெட்டி இழுப்பது கொலைக்குச் சமானம். அவை நிதானமாக, இறுக்கம் தளராமல் இழுப்பதற்கு மட்டுமே. எந்தக் கயிறானாலும் அது தாங்கும் பளு வண்டி எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். மாட்ட வேண்டிய இடம், வண்டியின் அடிச்சட்டத்தோடு பொருத்திய இழுவைக் கொக்கி. பம்பரோ அச்சோ ஸ்டியரிங் கம்பியோ அல்ல. இரண்டு கயிறுகளை இணைக்க நடுவில் இரும்பு வளையம் போடுகிறவர், தாமே ஒரு குண்டைத் தயாரிக்கிறார்.

கயிற்றின் நடுவே கனத்த கம்பளியோ ஈரச் சாக்கோ போட்டால், அறுந்தாலும் கயிறு ஓரளவு தாழ்ந்து விழும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்க வேண்டும். இறுகிய கயிற்றை யாரும் தாண்டக் கூடாது. இரண்டு வண்டியிலும் டிரைவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. சைகை காட்டுவது ஒருவர் மட்டும். பத்துப் பேர் "வா, வா" என்றால் அது மீட்பல்ல, சந்தை.

ஆனால் கிராமத்தில் முதலில் வந்து நிற்பது டிராக்டர்தான். "நாலு வீல் வண்டின்னு சொன்னீங்களே, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் ஒருவர் சங்கிலியை எடுப்பார். நல்ல மனது, ஆனால் ஜாக்கிரதை! சங்கிலியை டிராக்டரின் பின்னச்சுக்குக் கீழே தாழ்ந்திருக்கும் இழுவைக் கொக்கியில் மாட்டினால் பிழையில்லை. கலப்பை மாட்டும் மேல் இணைப்பில் மாட்டினாலோ, பாரம் அசையாத வேளையில் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, கண் இமைக்கும் நேரத்தில் டிரைவரின் மேலேயே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். உதவிக்கு வந்தவர் உயிரை விடுவதா?

வண்டியின் முன்னால் கம்பி சுற்றிய 'விஞ்ச்' உள்ளவர்கள் மரத்தில் கட்டி இழுப்பார்கள். மரத்தில் அகலமான பட்டையைத்தான் சுற்ற வேண்டும். சங்கிலி பட்டையை உரித்துவிடும். உருளையில் குறைந்தது ஐந்து சுற்றுக் கம்பி மிச்சம் இருக்க வேண்டும். தோல் கையுறை அவசியம். ஒரு கப்பியைச் சேர்த்துக் கம்பியை வளைத்துக் கொண்டுவந்தால் விஞ்சின் சுமை பாதியாகும்.

மரம் காப்புக்காட்டில் இருந்தால்? அங்கே வண்டியே போயிருக்கக் கூடாது. 1882-ஆம் வருஷத்துக் காட்டுச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஜவ்வாது மலையில் சாமை விதைத்த நிலத்தின் குறுக்கே ஓட்டுவதோ, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழகல்ல.

வெளிவந்த வண்டியில் கயிற்றைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். அந்தக் கயிற்றைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இழை இழையாகத் தடவிப் பார்க்க வேண்டும். எங்காவது வெட்டுப்பட்டிருந்தால் துணி உலர்த்தும் கொடியாக்கிவிட வேண்டும். மலையிறங்கிப் போளூர் வந்ததும், காபிக் கடைக்கு முன்னால், பங்க்சர்க் கடையில் நிறுத்தி டயருக்கு மறுபடி காற்றடிக்க வேண்டும்.