வழக்கில் முடிந்த ஊமைப்படம்

தொடுவெட்டி என்ற பழைய பெயரைக் கொண்ட ஊருக்கு மார்த்தாண்டம் என்னும் பெயரை வழங்கிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் வரலாறு, 1933இல் ஓர் ஊமைப்படமாக, அதாவது ஒலிப்பதிவு இல்லாமல் காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகளைக் காட்டிக் கதை சொல்லும் படமாக, எடுக்கப்பட்டது. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்ற மலையாள நாவலே அதற்கு மூலம். தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், இயக்கியவர் பி.வி. ராவ்.

நாவலின் நிலத்தில் பத்மநாபபுரமும் சாரோடும் உள்ளிட்ட இன்றைய குமரி மாவட்டப் பகுதிகளும் அடங்கும். பட்டத்துக்குரிய இளவரசரான மார்த்தாண்டவர்மாவை வீழ்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்கள் செய்த சூழ்ச்சி தோற்று, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட, இளவரசரின் ஆதரவாளனான அனந்தபத்மநாபன் தன் காதலி பாறுக்குட்டியுடன் சேர்கிறான். ஆனால் அந்த வெற்றிக்கு உயிரைப் பணயம் வைத்து உதவிய சுபத்திரை, தன் தாய்மாமனான குடமண் பிள்ளையின் வாளுக்கு இரையாகிறாள். அரசன் வென்ற கதையை அவளது மரணத்தோடு பிணைத்து முடித்த துணிவே அந்நாவலை இன்றும் உயர்த்தி நிறுத்துகிறது.

படத்தின் முடிவை எழுதியதோ நீதிமன்றம். திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் படம் வெளியானபோது, நாவலின் பதிப்புரிமையை, அதாவது ஒரு நூலை அச்சிடவும் வேறு வடிவத்துக்கு மாற்றவும் உள்ள சட்ட உரிமையை, வைத்திருந்த கமலாலயம் புத்தக நிறுவனம், தன் அனுமதியின்றி அது எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்ததால், சில திரையிடல்களிலேயே படம் நிறுத்தப்பட்டது. ஜப்பானில் டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலைத் தழுவி நிக்காட்சு நிறுவனம் 1914இல் வெளியிட்ட ‘காத்யூஷா’ பெரும் வரவேற்புப் பெற்றுத் தொடர்ச்சிப் படங்களுக்கும் வழி திறந்ததை நோக்க, சுந்தர்ராஜின் உழைப்புக்கு நேர்ந்தது மிகுந்த வேதனைக்குரியது. எனினும் எழுத்தின் உரிமையைக் காக்க எழுந்த அவ்வழக்கில் நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

முடக்கப்பட்ட அந்தப் படச்சுருள் பதிப்பகத்தின் வசம் கிடந்ததால் அழியாமல் தப்பியது. சுந்தர்ராஜின் உறவினரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படம் முற்றிலும் மறைந்துவிட்ட நிலையில், ‘மார்த்தாண்டவர்மா’ 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தை அடைந்து, தென்னிந்திய ஊமைப்படக் காலத்திலிருந்து எஞ்சிய மிக அரிய சான்றாக அங்கே பேணப்படுகிறது.