வயதான பூனை ஏன் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது?

பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 2 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்திலிருந்து கழிவைப் பிரிப்பதும், அதோடு வெளியேறும் தண்ணீரை மீட்டு உடலுக்குத் திருப்பித் தருவதும் இவற்றின் வேலை. வயதாக ஆக, இவை ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. செத்தது மீண்டும் முளைப்பதில்லை.

அப்படியானால் சிறுநீரக நோய் உடனே தெரிய வேண்டாமா?

தெரியாது. பந்தியில் பரிமாறுபவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டாலும், மிச்சமிருப்பவர்கள் ஓடி ஓடிச் சமாளிப்பார்கள். சாப்பிடுபவருக்குக் குறை தெரியாது. எஞ்சிய வடிகட்டிகளும் அப்படித்தான் கூடுதல் இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. ஆனால் அந்த அவசரத்தில் தண்ணீரை மீட்க நேரம் போதுவதில்லை. சிறுநீர் நீர்த்துப்போய், அளவு கூடுகிறது. இழந்ததை ஈடுகட்டவே பூனை குடிக்கிறது. அதன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்துவைப்பது பெருந்தவறு.

மூன்றில் இரண்டு பங்கு வடிகட்டிகள் போன பிறகே இந்தத் தாகம் வெளிப்படும். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு உயர, ஏறக்குறைய முக்கால் பங்கு போக வேண்டும். ஆகவே கிண்ணம் பல சமயம் ஆய்வகத்தை முந்திக்கொள்கிறது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளக்கலாம். 4 கிலோ பூனை நாளுக்கு 200 மி.லி.க்கு மேல் குடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மணல்தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது, தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுவது ஆகியவையும் கவனத்துக்குரியவை.

சர்க்கரை நோயும் தைராய்டு மிகைப்பும் இதே தாகத்தைத் தரும். எது என்பதை இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் பிரித்துக் காட்டும்.